பச்சை யாருக்கு எரிந்தது

ஜெனீவா
3 டிசம்பர் 2023

அன்புள்ள ஷர்லி,

உன் போனில் என் எண்ணை நீ பிளாக் செய்து ஆறு வருடம் ஆகிறது. ஆவூர் வீட்டு முகவரியாவது மாறாமல் இருக்கும் என்று நம்பித் தபாலில் எழுதுகிறேன். காகிதத்தில் தமிழ் எழுதி நாளாயிற்று. கையெழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மூடுபனியில் சன்னலுக்கு வெளியே ஏரி தெரியவில்லை. ஞாயிறு என்றால் எனக்கு இன்னமும் நினைவில் வருவது திருச்சி ஹாஸ்டலில் இருந்து நாம் முதல் பஸ் பிடித்து எங்கள் நார்த்தாமலைக்கு வந்ததுதான். அம்மா கட்டிக்கொடுக்கும் புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு மலையேறி, சோழீச்சரம் கோயிலுக்குப் பின்னால் பாறை நிழலில் உட்கார்ந்து சர்வதேசச் சட்டம் படிப்போம். வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேரில் அந்த விருப்பப் பாடத்தை எடுத்தது நாம் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜெராக்ஸ் புத்தகம். நீ பக்கத்தை முடித்துவிட்டு, "என்னடி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறியா?" என்று காத்திருப்பாய்.

ஹாஸ்டல் அறைக் கதவில் நாம் ஒட்டிய அறிவிப்பு நினைவிருக்கிறதா? 'அறை எண் பதினான்கின் பிரதிநிதிகளைக் கைது செய்யவோ, விசாரிக்கவோ, அவர்களது பெட்டிகளைச் சோதிக்கவோ கூடாது.' வார்டன் ஷீபா மேடம் அதை முழுசாகப் படித்துவிட்டு, "நல்லாருக்கு. பிரதிநிதிகளுக்கு நாளைக்கு மெஸ் கிடையாது" என்று போய்விட்டார்.

அந்த விளையாட்டு இப்போது என் வேலை. இங்கே உள்ள சர்வதேச அமைப்புகளில் நம் நாட்டின் சார்பாக உட்காரும் குழுவில் நான் சட்ட அதிகாரி. வந்து இரண்டரை ஆண்டு ஆகிறது. என்னிடம் ஒரு அடையாள அட்டை இருக்கிறது. அதை வைத்திருப்பவரை இந்த ஊர்ப் போலீஸ் பிடிக்க முடியாது. நீதிமன்றம் கூண்டில் ஏற்றவும் முடியாது, சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

சென்ற மாதம் இருபத்தோராம் தேதி காலை காரில் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு விபத்து. வலப்பக்கம் திரும்பினேன். பாதசாரிகள் கடக்கும் கோட்டில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். பெயர் செல்லமுத்து. இலங்கைத் தமிழர், அறுபது வயதிருக்கும், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. இடுப்பிலும் காலிலும் எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை. விளக்கு எப்படி இருந்தது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பின்னால் வந்த வேன்காரர், அவர் சிவப்பில் இறங்கியதாக நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் கேட்டபோது நான் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

சட்டப்படி எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. ஆனாலும் தூக்கம் சரியில்லை. உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியாமலேயே எழுதிவிட்டேன்.

அன்புடன்
மதி


ஆவூர்
22 டிசம்பர் 2023

இளமதி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. தபால்காரர் ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு, "ஃபாரின்ல யாருங்க மேடம்?" என்றார். தெரிந்தவர் என்றேன்.

நான் புதுக்கோட்டை கோர்ட்டில் பதினேழு வருடமாக விபத்து வழக்குகள்தான் நடத்துகிறேன். உங்களைப் போல் எழுதும் கட்சிக்காரர்களைத் தினமும் பார்க்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தேன். 'விளக்கு எப்படி இருந்தது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.' இந்த 'யாருக்கும்' என்பதில் நீங்கள் சேர்த்தியா, இல்லையா? அடிபட்டவர் என்ன சொல்கிறார்? வேன்காரர் நினைத்தது வந்திருக்கிறது, நடந்துபோனவர் சொன்னது வரவில்லை. அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தீர்களா? கடிதத்தில் புளிச்சோறுக்கும் பாறைக்கும் ஷீபா மேடத்துக்கும் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மனிதருக்கு ஏழு வரி. எண்ணிப் பார்த்தேன்.

பழைய கதையை முதலில் சொல்லி மனதை இளக்கிவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வருவது கோர்ட்டில் எல்லாரும் செய்வதுதான். என்னிடம் செல்லாது.

நீங்கள் தொடவே தொடாத ஒரு பழைய கதை இருக்கிறது. அதை நான் சொல்கிறேன். 2017 அக்டோபரில் என் அப்பா இறந்தார். தேர்வு நாட்களில் உங்களையும் என்னையும் டிவிஎஸ் வண்டியில் முன்னும் பின்னும் உட்காரவைத்து விராலிமலை வரைக்கும் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்ட மனிதர். 'எங்க வீட்டுல ரெண்டு வக்கீல்' என்று சர்ச் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தவர். அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. வேலை, டெல்லி, தூரம், எல்லாம் புரிகிறது. மறுநாள் போனில் ஒரு இரங்கல் செய்தி வந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. கீழே உன் பெயர், அதற்குக் கீழே உன் பதவி.

பதவியைப் போட்டிருக்கிறாயே மதி. எங்கப்பாவுக்கு நீ யார் என்று தெரியாதா?

விபத்தைப் பற்றி எழுதுவதென்றால் முழுசாக எழுது. இல்லாவிட்டால் வேண்டாம்.

ஷர்லி


ஜெனீவா
9 ஜனவரி 2024

ஷர்லி,

உன் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே நான்கு கூட்டங்களில் உட்கார்ந்திருந்தேன். முழுசாக எழுதுகிறேன்.

பச்சை அவருக்குத்தான் எரிந்தது. திரும்பும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் படிக்க வேண்டிய உரையில் ஒரு வார்த்தையை மாற்றச் சொல்லிச் செய்தி வந்திருந்தது. தலையை நிமிர்த்தியபோது அவருடைய விளக்கு பச்சை, அவர் வண்டிக்கு முன்னால். பிரேக்கை மிதித்தேன். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

இறங்கி ஓடினேன். அவர் சாலையில் மல்லாந்து கிடந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வலியில் கண்ணை மூடிக்கொண்டார். போலீஸ் வந்து கேட்டபோது வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை அதற்குள் பைக்குள் போய் அட்டையை எடுத்துவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் வந்தது என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனேன், பழம் வாங்கிக்கொண்டு. கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவர் மகள் இருந்தாள், அவள் என்னோடு பேசவில்லை. அவர் கோபப்படவில்லை. "முப்பத்திரண்டு வருஷமா அந்த ரோட்டாலதான் வேலைக்குப் போறன். ஒருநாளும் சிவப்பில இறங்கினதில்லை" என்றார். பிறகு, "பிள்ளை, எனக்குப் பச்சைதானே எரிஞ்சது? உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார்.

நான் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போலீஸ் பதிவில் அவர் சிவப்பில் இறங்கினார் என்று எழுதியாயிற்று. அவருக்கே அபராதமும் விதித்திருக்கிறார்கள். காப்பீட்டில் கிடைப்பதும் அதனால் குறையும். ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பச்சையைப் பற்றித்தான் கேட்டார்.

எங்கள் குழுத் தலைவர் என்னை அழைத்து, நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் முடியாது, இது கடந்துபோகும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார். சட்டம் என் கையைக் கட்டியிருக்கிறது ஷர்லி. இந்த விலக்குரிமை என்னுடையதில்லை, நாட்டினுடையது. வேண்டாம் என்று நானாகத் தூக்கிப்போட முடியாது. நானாகப் போய் வாக்குமூலம் கொடுத்தாலும் செல்லாது.

உன் அப்பாவைப் பற்றி. அன்று ஒரு பெரிய கூட்டத்துக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கம்மா போன் செய்து சொன்னார். உதவியாளரிடம் இரங்கல் அனுப்ப வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. உன் பெயரை அதில் சேர்க்கச் சொன்னேன். அவர் வழக்கமான வாசகத்தை அனுப்பிவிட்டார். நடந்தது இதுதான். நான் எழுதவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. நானே எழுதியிருந்தால்கூட இவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

உன் அப்பா வண்டியின் ஹாரன் வேலை செய்யாது. வாயாலேயே 'ஓரம் ஓரம்' என்று கத்திக்கொண்டு ஓட்டுவார். போன வாரம் டிராமில் நின்றுகொண்டிருந்தபோது அது ஞாபகம் வந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

மதி


ஆவூர்
28 ஜனவரி 2024

மதி,

பட்டியல் விவகாரத்தை ஐந்து தடவை படித்தேன். முதல் மூன்று தடவை கடிதத்தைக் கிழிக்கலாம் என்று இருந்தது. நான்காவது தடவை, இதைச் சொல்லாமல் மறைத்திருக்கலாமே, ஏன் எழுதினாள் என்று தோன்றியது. ஐந்தாவது தடவை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா, "ஹாரன் இல்லாததெல்லாம் ஞாபகம் வச்சிருக்கு பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது உன் வழக்கு.

பொங்கல் லீவில் மாடி அலமாரியைக் குடைந்து அந்த ஜெராக்ஸ் புத்தகத்தை எடுத்தேன். பாதியைக் கரையான் தின்றுவிட்டது. நமக்குப் பிடித்த பாதி இருக்கிறது. உன் பென்சில் கோடுகளும், ஓரத்தில் நீ வரைந்த கொடுவாள் மீசைப் பேராசிரியரும் இருக்கிறார்கள். ஐ.நா. விலக்குரிமை பற்றிய 1946 உடன்படிக்கை, பதினான்காம் பிரிவு. அதைப் படித்த அன்று பாறையில் வெயில் ஏறிவிட்டது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நீதான் சத்தமாகப் படித்தாய்.

அது என்ன சொல்கிறது? இந்தப் பாதுகாப்பு ஆளுடைய சொந்த நலனுக்காகக் கொடுக்கப்பட்டது இல்லை, பிரதிநிதி தன் வேலையை யாருக்கும் பயப்படாமல் செய்வதற்காகக் கொடுக்கப்பட்டது. அது நீதிக்குக் குறுக்கே நின்றால், வேலைக்குக் கெடுதல் இல்லாமல் விட்டுக்கொடுக்க முடிந்தால், அதை விட்டுக்கொடுப்பது அந்த நாட்டின் உரிமை மட்டும் இல்லை. கடமை. 'கடமை'க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். உன் கோடுதான், என்னுடையது இவ்வளவு நேராக இருக்காது.

உன்னுடையதில்லை, நாட்டினுடையது என்று எழுதியிருக்கிறாய். சரி. நாடு நினைத்தால் விட்டுக்கொடுக்கலாம். நாட்டிடம் யாராவது கேட்டால்தானே அது நினைக்கும்? நீ கேட்டாயா? உன் கடிதம் மூன்று பக்கம். அதில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. கை கட்டப்பட்டிருக்கிறது என்கிறாயே, அவிழ்க்கச் சொல்லி யாரிடமாவது வாயைத் திறந்தாயா?

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. நேற்றுத்தான் சோலையப்பன் என்ற டிரைவர் என்னிடம் வந்தார், அறந்தாங்கிக்காரர். கீரனூர் பக்கம் ஒரு அம்மாவை இடித்துவிட்டார். "மேடம், எம்மேலதாங்க தப்பு, ஸ்டேசன்ல சொல்லிரவா?" என்று கேட்டார். "வாயைத் தொறக்காதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவருக்கு அப்பாடா என்று இருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். பதினேழு வருடமாக நான் செய்வது இதுதான். ஆகையால் உனக்குத் தீர்ப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கேள்வி மட்டும் கேட்கிறேன்.

கேட்டால் உனக்கு என்ன ஆகும் என்பதையும் எழுது. நஷ்டம் தெரியாமல் தைரியம் சொல்லுகிறவள் நான் இல்லை.

ஷர்லி


ஜெனீவா
12 மார்ச் 2024

ஷர்லி,

கேட்டுவிட்டேன். பிப்ரவரி பதினைந்தாம் தேதி.

தலைவர் அறைக்குப் போய் வாய்வார்த்தையாகத்தான் முதலில் சொன்னேன். பச்சை அவருக்கு எரிந்தது என்று. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இப்போது எனக்கு எதுவும் கேட்கவில்லை, நீங்களும் எதுவும் சொல்லவில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றார். எழுத்தில் தருகிறேன் என்றேன். எழுதினால் அது கோப்பு ஆகிவிடும், கோப்பு ஆனால் டெல்லி போகும், போனால் என் கையில் இல்லை என்றார். மே மாதம் சட்டக் குழுவுக்குத் தலைமை தாங்க என் பெயர் போயிருக்கிறது, அது திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னார். மிரட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

நீ கேட்ட நஷ்டம் இதுதான். அந்தக் குழு எனக்குப் பத்து வருடக் கனவு. அது போகும். அநேகமாக என்னைத் திருப்பி அழைத்துக்கொள்வார்கள். விலக்குரிமையை முழுசாக விட்டுக்கொடுத்தால் இங்கே என் மேல் வழக்குப் பதிவாகும். சாட்சி சொல்ல மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும் என்று கேட்கலாம், அப்படி ஒரு வழியும் உண்டு. உண்மையும் சொல்லலாம், தண்டனையும் இல்லை. அந்த வரியைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு, இந்தச் சம்பவத்தைப் பொறுத்தவரை முழுசாக என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். பெரிய தியாகம் மாதிரி எழுதவில்லை. அவர் கேட்டபோது பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேனே, அந்த முகத்தோடு பாதி வழி போக முடியவில்லை.

ஒரு மாதம் ஆகப்போகிறது. டெல்லியில் இருந்து சத்தமே இல்லை. அலுவலகத்தில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. தனியாக ஏரிக்கரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். உனக்குத் தெரியுமா, இங்கே வாத்துகள் நம்மூர்க் கோழி மாதிரி அதிகாரமாக வந்து கேட்கின்றன. நேற்று ஒன்றிடம் "போடி அங்கிட்டு" என்று சொல்லிவிட்டு, அந்த வார்த்தை என் வாயில் இருந்து வந்ததை நினைத்து அங்கேயே நின்றுவிட்டேன். இந்த ஊருக்கு வந்த பிறகு அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ அன்று பக்கத்தைத் திருப்பக் காத்திருப்பாயே, அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். நீ காத்திருந்தாய் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மதி


ஆவூர்
4 ஏப்ரல் 2024

மதி,

சின்னக் கடிதம்தான். பாஸ்கு நாடகம் முடிந்து, தேர் முடிந்து, வீடு நிறைய உறவுக்காரர்கள். எழுத ஒரு மூலை கிடைக்கவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

தேர் எங்கள் தெருவில் திரும்பும்போது, நாம் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கையில் நீ வந்து நின்ற இடத்தில் போய் நின்று பார்த்தேன். அந்த வருடம் உனக்கு எங்க வீட்டுச் சாம்பல் நிறப் பட்டுச் சேலையைக் கட்டிவிட்டோம். நீ கொசுவத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாய். பெரியம்மா ஒருத்தர், "இது யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டதற்கு அப்பா, "நம்ம வீட்டுப் புள்ளதான், நார்த்தாமலையில விட்டு வச்சிருக்கோம்" என்றார். இந்த வருடம் அதே பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு?" என்றார். ஜெனீவாவில் என்றேன். "சொகமா இருக்கா?" என்றார். என்ன பதில் சொல்வது? கொஞ்சம் கஷ்டத்தில் இருக்கிறாள், ஆனால் நன்றாக இருக்கிறாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சோலையப்பன் விஷயம். அவர் திரும்பி வந்து, "மேடம், நீங்க திட்டினாலும் பரவால்ல, அந்தம்மா வீட்டுக்குப் போயிப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றார். நான் திட்டவில்லை. அடுத்த வாய்தாவில் தப்பை ஒத்துக்கொண்டு மனு போடுகிறோம். இது உன்னால் என்று எழுதினால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும். அதனால் எழுதவில்லை.

டெல்லி பதில் போடும். போடாவிட்டால் இன்னொரு தடவை கேள். உன் எண்ணை அன்பிளாக் செய்துவிட்டேன். ஆனாலும் கடிதமாகவே எழுது. போனில் நீ அவசரமாகப் பேசி முடித்துவிடுவாய்.

ஷர்லி


ஜெனீவா
16 ஜூன் 2024

அன்புள்ள ஷர்லி,

டெல்லியின் பதில் மே மூன்றாம் தேதி வந்தது. ஒரே ஒரு பக்கம். இச்சம்பவம் தொடர்பாக மேற்படி அதிகாரியின் விலக்குரிமை விட்டுக்கொடுக்கப்படுகிறது. அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது, ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தலைவர் அந்தத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் இதை எதிர்பார்க்கவில்லை என்றார். என்னையா, டெல்லியையா என்று சொல்லவில்லை.

விசாரணை சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தது. நம்மூர்க் கோர்ட் மாதிரி இல்லை. சின்ன அறை, நீளமான மேசை, சன்னல் ஓரம் ஒரு பூந்தொட்டி. விசாரிப்பவர் ஒரு பெண், நம்மைவிட இளையவர். செல்லமுத்து ஊன்றுகோலோடு வந்தார், மகளும் கூட வந்தாள். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். நான் பிரெஞ்சில் சொல்வதை அவர் செல்லமுத்துவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கும் அவருக்கும் நடுவே எதற்கு ஒரு ஆள் என்று கூச்சமாக இருந்தது. நானே தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டேன். விசாரணை அதிகாரி யோசித்து, தமிழில் சொல்லுங்கள், எனக்கு இவர் பிரெஞ்சில் சொல்லட்டும் என்றார்.

அவரைப் பார்த்துச் சொன்னேன். "உங்களுக்குத்தான் பச்சை எரிஞ்சது. நான் போனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஆஸ்பத்திரியில நீங்க கேட்டப்பவாவது சொல்லியிருக்கணும். சொல்லல."

மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். பதிவுசெய்பவர் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். செல்லமுத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் வாக்குமூலத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். அவருக்குப் பிரெஞ்சு வாசிப்பது சிரமம். மகளிடம், "எந்த வரியில இருக்கு?" என்று கேட்டார். அவள் காட்டினாள். அவர் அந்த வரிக்குக் கீழே விரலை வைத்து, முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்.

வெளியே நடைவழியில் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏழு மாசம்! எங்கட அப்பா பொய் சொல்றார் எண்டு ஏழு மாசமா எழுதி வைச்சிருந்தவை. வேலை செய்யிற இடத்திலயும் ஒருத்தரும் நம்பேல்லை. இப்ப வந்து சொன்னாப்போல என்ன?" என்றாள். ஒன்றுமில்லைதான் என்றே சொன்னேன். செல்லமுத்து அவள் கையைப் பிடித்து, "காணும், விடு, வா. டிராம் போயிடும்" என்றார். மன்னிப்பார் என்று எதிர்பார்த்துப் போகவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போனபோதுதான், எதிர்பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அவருடைய அபராதம் ரத்தாகிவிட்டது, பதிவு திருத்தப்பட்டுவிட்டது. எனக்கு அபராதமும், மூன்று மாதம் வண்டி ஓட்டத் தடையும். சட்டக் குழுத் தலைமை வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் டெல்லி. மொழிபெயர்ப்புப் பிரிவில் ஒரு நாற்காலி தந்திருக்கிறார்கள். நடுவில் இருபது நாள் விடுப்பு இருக்கிறது.

ஒரு உதவி வேண்டும். விசாரணைக்கு முன்பே என் அப்பா, அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊர்வாயில் இருந்து அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அப்பா ஏதோ கேட்டார். அம்மா ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டார். பதினெட்டு நாளாக எடுக்கவில்லை. உனக்குத் தெரியும், எங்கம்மா திட்டினால் பயமில்லை. பேசாவிட்டால்தான் பயம். நார்த்தாமலை வரைக்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்ப்பாயா?

மதி


ஆவூர்
2 ஜூலை 2024

அன்புள்ள மதி,

கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நார்த்தாமலைக்குப் போனேன். ஆறு வருடத்துக்கு மேல் ஆகிறது நான் அந்த ரோட்டில் போய். பிரிவு ரோட்டில் புதிதாக ஒரு டீக்கடை. மலை மட்டும் நாம் விட்ட இடத்தில் நிற்கிறது.

உங்கப்பா வாசலில் மரக் கொட்டாப்புளியால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாம்மா வக்கீலு" என்றார். பிறகு, "போலீசு புடிக்க முடியாதுன்னு சொன்னாகளே, அப்புறம் இவளே எதுக்குப் போயி மாட்டிக்கிட்டா?" என்று கேட்டார். மாட்டிக்கொள்ளவில்லை, ஒத்துக்கொண்டாள் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்றார். திரும்ப உட்கார்ந்து, "ஒண்ணு இல்லதான்" என்று அவரே சொல்லிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார்.

உங்கம்மா, என் மூக்காயி அத்தை, கொல்லையில் இருந்து வரவே இல்லை. நானாகப் போனேன். அத்தை துவைகல்லில் சேலையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலேயே, "ஆறு வருசமா இங்கிட்டு எட்டிப் பாக்காதவளுக்கு இப்ப என்ன வேலை?" என்றார். எனக்கும் சேர்த்து ஒரு கணக்கு வைத்திருந்திருக்கிறார். உன்மேல் இருந்த கோபத்தில் இவர்களை நானும் விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. தப்புதான் அத்தை என்றேன். ஒரு சேலையை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தோம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உத்தியோகம் போகவில்லை, இடம்தான் மாறுகிறது என்று சொன்னேன். ஜெயில் எல்லாம் இல்லை என்று சொன்னேன். சட்டம் என்ன, டெல்லி என்ன எழுதியது, பதினான்காம் பிரிவு என்ன, எல்லாம் அந்தக் கிணற்றடியில் நின்று சொன்னேன். கோர்ட்டில்கூட நான் இவ்வளவு நன்றாக வாதாடியதில்லை. அத்தை ஒன்றையும் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. சேலையைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்த மனுசன் இப்ப நடக்குறாரா?"

நடக்கிறார் அத்தை, கம்பு ஊன்றி நடக்கிறார், டிராம் ஏறி வீட்டுக்குப் போகிறார் என்றேன்.

"அவுக வீட்டுல கஞ்சி காச்சி ஊத்த ஆளு இருக்கா?"

மகள் இருக்கிறாள் என்றேன்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "இம்புட்டு நாளும் அதக் கேக்கத்தான் பயமா இருந்துச்சு. நடக்க மாட்டாருன்னு அவ சொல்லிப்புட்டான்னா நான் என்ன செய்வேன்?" என்றார். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். நான் கிளம்புகிறேன் என்று சொன்னபோது தலையை வெளியே நீட்டினார்.

"வரச் சொல்லு அவள."

சொல்லிவிட்டேன். வா.

ஷர்லி